அம்மா பார்த்த கோட்டை

மகனே,

போனில் நீயும் நானும் பேசுவது இப்போதெல்லாம் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. "சாப்ட்டியாப்பா", "அம்மா எப்படி கீது", "மாத்திர வாங்கிட்டியா". அதற்குப் பிறகு, "சரிப்பா, வெச்சிடவா." நானும் சரிடா என்று வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த மாதம் நீ மஸ்கட்டுக்குப் போகிறாய் என்பதை உன் சிநேகிதன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோபம் இல்லை. எங்களிடம் சொல்ல வாய் வராமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருப்பாய். தள்ளிப் போடுவது என்னிடமிருந்து உனக்கு வந்த குணம். இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. நம் வீட்டைப் போன்ற வீடு இன்றைக்குத் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

பழவேற்காட்டுக்குப் போய்வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கல் முடிந்த தை மாதம் அது. சாயங்காலம் எங்களைப் புதுவாயல் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே கூட வராமல் வண்டியைத் திருப்பினாய். அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டி கம்பெனியை விட்டு ஒரகடத்துக்கு மாறினாய், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினாய். வாரா வாரம் வந்தவன் மாதம் ஒருமுறை வந்தாய். பிறகு பண்டிகைக்கு வந்தாய். பிறகு போன் மட்டும் வந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும், நீயும்தான் அங்கே இருந்தாய். ஆனால் நீ பார்த்தது பாதி. மீதியைப் பார்த்தவன் நான். அதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லாமலே உன்னை விமானம் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்குப் பழவேற்காட்டு ஆசையை மூட்டியவன் நீதான். உனக்கு அது நினைவிருக்காது. ஏழாம் வகுப்பில் உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் சுற்றுலா கூட்டிப் போனார்கள். திரும்பி வந்த சாயங்காலம், யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு நீ அம்மாவிடம் சொன்ன கதையை நான் முன்னறையில் படுத்தபடி கேட்டேன். "போட்ல போனோம்மா. ஆறு வந்து ஏரியில சேர்ற எடம் வரைக்கும் இட்டுகினு போனாங்கோ. அப்புறம் வெள்ளக்காரன் கோட்ட. வாசல்ல இம்மாம்பெரிய கேட்டு, ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வெச்சிக்கீறாங்க. உள்ள பீரங்கி கீது." அம்மா, "பீரங்கியா?" என்றாள். "ஆமாம்மா, நான் தொட்டுப் பாத்தேன்." பீரங்கி உன் சொந்தச் சரக்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம். அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கையில் தோசைக்கரண்டியோடு, "அந்த எலும்புக்கூடு இன்னா பண்ணிக்கினு நிக்குது?" என்று கேட்டாள். நீ கொஞ்சம் யோசித்து, "தலமேல எத்தயோ தூக்கி வெச்சிக்கினு நிக்குதும்மா" என்றாய். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த பிறகும் சுமை தூக்கணுமா என்றாள். அன்றைக்கே என்னிடம், "ஒரு நாளைக்கு நம்பளும் போலாங்க" என்றாள். போலாம் என்றேன்.

நம் வீட்டிலிருந்து பொன்னேரி போய் பஸ் மாறினால் பழவேற்காடு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். எனக்கு அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கன்வேயர் பக்கம் வேலை. ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும், லீவு நாளும் அதோடு மாறும். அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் வேலை. விடிந்ததும் விடியாததுமாகக் கூட்ரோட்டுக்கு வரும் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடுவாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பாள். அவள் ஞாயிறும் என் லீவும் எப்போதாவது ஒன்றாக வரும். வந்தால் அன்றைக்கு யார் வீட்டிலாவது கல்யாணம், இல்லை கருமாதி, இல்லை நான் தூங்கிக்கொண்டிருப்பேன். பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு. தூரத்து ஊர்களுக்கெல்லாம் நாம் போயிருக்கிறோம். திருப்பதிக்குப் போனோம், மாமல்லபுரம் போனோம், உன் அத்தை மகள் கல்யாணத்துக்குச் சேலம் வரைக்கும் போனோம். பக்கத்து ஊர்தான் நின்றுபோயிற்று.

இதில் என் மனதை அறுக்கும் காரியம் ஒன்று உண்டு. எங்கள் செக்ஷனில் ஒருவர் ரிடையர் ஆனபோது ஆட்கள் எல்லாரும் வேன் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனோம். படகில் ஏறினோம், கரையில் சமைத்தோம், சாயங்காலம் ஒரு பை நிறைய நண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா நண்டை அலசிக்கொண்டே கேட்டாள், "போட்ல போனீங்களா?" ஆமாம் என்றேன். "கோட்ட பாத்தீங்களா?" "அதுக்கு எங்க நேரம், சாப்ட்டு கெளம்பவே சரியாப்பூட்சி." அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "நண்டு நல்லா சதையா கீது" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் அடுத்த வாரமே கூட்டிப் போயிருப்பேன். அவளுக்குக் கோபித்துக்கொள்ளத் தெரியாது. உனக்கு நாளைக்கு ஒருத்தி வருவாள். அவள் கோபித்துக்கொண்டால் சந்தோஷப்படு. ஒன்றும் சொல்லாமல் நண்டை அலசினால் அப்போது பயப்படு.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்தது. வேலையை விட்டு நின்ற பிறகும் விடியலில் எழுந்து கம்பெனி வண்டிக்குக் கிளம்பினாள். பால் வாங்கப் போனவள் ஹைவே ஓரம் லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள் என்று டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். சென்னையில் காட்டியபோது மறதி நோய் என்றார்கள். போகப் போகக் கூடும், குறையாது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்திலும் ஒன்று மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, தலை வாரிக்கொண்டே, "பழவேற்காட்டுக்கு எப்போ போவோம்?" என்று கேட்பாள். நான் வழக்கம்போலப் போலாம், போலாம் என்றேன். நீதான், "இனிமே இன்னாப்பா போலாம், வர்ற ஞாயித்துக்கெழம போறோம்" என்று சொல்லிக் காரோடு வந்து நின்றாய். அதை நீ செய்தாய், நான் செய்யவில்லை. அந்த நாள் எப்படி முடிந்திருந்தாலும் இதை மட்டும் நீ மறக்காதே.

காலை நாஷ்டாவைப் பொன்னேரியில் முடித்துக்கொண்டு போனோம். படகுக்காரர் எல்லப்பன் நல்ல மனிதர். "ஜாக்கெட் போடாம யாரையும் ஏத்த மாட்டேன், அப்புறம் எனக்குத்தான் பேஜாரு" என்று சொல்லி மூன்று பேருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிவிட்டார். அம்மா அதன் பட்டைகளைத் தடவிப் பார்த்து, இது யார் வீட்டுக் குழந்தையுடையது என்று கேட்டாள். படகு கிளம்பியதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஏரி அன்றைக்குத் துணி விரித்த மாதிரி இருந்தது. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. என்ஜின் சத்தத்துக்கு அவை எழுந்தபோது இறக்கைக்குக் கீழே சிவப்புத் தெரிந்தது, அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். கையைத் தண்ணீரில் விட்டு, விரலை நாக்கில் வைத்து, "உப்பு" என்று சிரித்தாள். ஆரணியாறு வந்து சேரும் இடத்தில் எல்லப்பன் என்ஜினை நிறுத்தினார். இரண்டு கரையிலும் பச்சையாக அடர்ந்த செடிகள், சேற்றில் நண்டு ஓடும் சின்னச் சத்தம்கூடக் கேட்டது. அப்போதுதான் அம்மா உன் பக்கம் திரும்பிக் கேட்டாள். "பழவேற்காட்டுக்கு எப்போ போவோம் நைனா?"

"அதான் வந்துட்டோமேம்மா. இதான் பழவேற்காடு. பாரு, போட்ல குந்திக்கினு கீற."

"சும்மா சொல்லாத" என்றாள் அம்மா. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எல்லப்பனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா, இதோ போயிடலாம்" என்று அவளுக்குப் பதில் சொன்னார். அம்மா சரி என்று தலையாட்டி, அவர் சாப்பிட்டாரா என்று விசாரித்தாள். நீ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாய், உன் தோள் அசைந்ததை நான் பார்த்தேன். பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் இந்த இடத்தில் அவள் எவ்வளவு பேசியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் கோட்டைக்குப் போனோம். கோட்டை என்று நாம் போய் நின்ற இடத்தில் என்ன இருந்தது? முள் அடர்ந்த ஒரு மேடு, சுற்றிலும் பாசி பிடித்த பழைய அகழி, அங்கங்கே செங்கல், மேய்கிற ஆடுகள். வழி காட்டிய ஆள் இதுதான் டச்சுக்காரன் கோட்டை என்று அடித்துச் சொன்னார். அம்மா மேட்டை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "இது கோட்ட இல்ல" என்றாள்.

"இதாம்மா. எல்லாம் இடிஞ்சி பூட்சி."

"இல்ல. புள்ள சொன்னது இது இல்ல."

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். என்ன பிள்ளை, என்ன சொன்னான் என்று நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை. அவள் சொல்கிற பலதுக்கு அர்த்தம் தேடுவதை அதற்குள் நாம் விட்டிருந்தோம். தண்ணீர் பாட்டிலும் வறுத்த மீனும் வாங்கி வருகிறேன் என்று நீ போனாய். போகும்போது, "அம்மா கைய வுட்டுடாதப்பா" என்றாய்.

விட்டேன். அந்த மேட்டில் ஏறினால் தெற்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. வாழ்நாள் முழுக்கக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவற்றை அன்றைக்குத்தான் தூரத்திலிருந்து நிதானமாகப் பார்க்கிறேன். எந்த யூனிட் ஓடுகிறது, எதில் புகை இல்லை என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வேலையை விட்டு வந்த பிறகும், அவளுக்காக என்று வந்த ஒரே நாளிலும், என் கண் அங்கேதான் போயிற்று. திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை. ஆடுகள் மட்டும் நின்றன.

அதற்குப் பிறகு ஓடிய ஓட்டம் உனக்கும் எனக்கும் ஒன்றுதான். முள்ளுக்குள் புகுந்து பார்த்தோம், அகழி ஓரம் பார்த்தோம். நீ மார்க்கெட் பக்கம் ஓடினாய், நான் படகுத்துறைக்கு ஓடினேன். உன் கையில் இருந்த மீன் பொட்டலம் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் கண்ட இடமெல்லாம் நின்று குனிந்து பார்த்தேன். எல்லப்பன் ஒன்றும் கேட்காமல் படகை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே பார்த்துக்கொண்டு போனார். "நீல பொடவ, கைல கண்ணாடி வளையலு" என்று நான் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லிக்கொண்டிருந்தபோதே உண்மையில் நீலப் புடவைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. காலையில் அவளுக்குக் கட்டிவிட்டவன் நான்தான்.

நீதான் முதலில் கண்டுபிடித்தாய். அந்த மேட்டிலிருந்து தள்ளி இருந்த பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குள், ஒரு பெரிய கல்லறையின் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீன் விற்கிற பெண் ஒருத்தி அலுமினியத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது நீ அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாய். "எங்கம்மா போன? சொல்லாம எங்க போன? நான் யாரு? என்ன பாத்து சொல்லு, நான் யாரு?" அவள் மிரண்டுபோய், "நைனா" என்றாள். உன் முகம் இளகிச் சாந்தமானதைப் பார்த்தேன். அடுத்த வார்த்தையில் எல்லாம் போயிற்று. "கோச்சிக்காத நைனா. எம் புள்ள சொன்னான்னு பாக்க வந்தேன். இப்பவே ஊட்டுக்குப் போயி உனக்கு சோறாக்கிடறேன். அம்மாகிட்ட சொல்லாத."

அவள் தன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஆரம்பாக்கத்துக்காரர், அரைத் தெலுங்கு, அவரையும் அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். நீ பிறந்ததும் அவர் சாடை என்று உன்னையும் அப்படியே கூப்பிட்டாள். அது உனக்கும் தெரியும், அதனால்தான் நீ அப்படி உறைந்துபோனாய். பிறகு எழுந்து என்னைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், "ஒரு கைய புடிச்சிக்கினு நிக்க முடியல உன்னால. இத்தினி வருசமா நீ இன்னாதான் பாத்துக்கின அவங்கள?" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டாய். அந்த வார்த்தைக்காக நீ வருந்துகிறாய் என்று தெரியும். வருந்த வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

நீ போன பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அந்த மீன்கார அம்மா, பேர் செஞ்சம்மா, எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "அவங்கள திட்டாதீங்கண்ணா. வழி தவறி வந்தவங்க இல்ல. எங்க தெருவுல ஊடு ஊடா நின்னு, எலும்புக்கூடு செதுக்கின கேட்டு எங்க கீதுன்னு கேட்டுக்கினே வந்தாங்க. பசங்க சிரிச்சானுங்க. நாந்தான் இங்க கைய புடிச்சி இட்டாந்தேன். வாசல்ல அத்த பாத்ததும் எப்படி சிரிச்சாங்க தெரியுமா."

எனக்கு முதலில் புரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல் வளைவு வைத்த பழைய வாசல், இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருந்தது. ஒன்றின் தலைமேல் ஏதோ சுமை. ஓடி வந்த அவசரத்தில் நாம் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் அதைத் தடவிக் காட்டி, "பாருங்க, தூக்கி வெச்சிக்கினு நிக்குது பாருங்க, புள்ள சொன்னான்ல" என்றாள். பிறகு உள்ளே கல்லறைகள் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்து, "பீரங்கியதான் காணும். எங்கயோ எட்த்து வெச்சிட்டானுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு அந்த அடுப்படி நினைவு வந்தது. சின்ன வயதில் நீ கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து அதைத்தான் கோட்டை என்று நினைத்திருக்கிறாய். நீ மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன். கம்பெனி பேரை மறந்து, கூடப் பிறந்தவளின் முகத்தை மறந்து, அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோன உன் அம்மா, நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் வைத்துக்கொண்டு தெரியாத ஊரில் தனியாக விசாரித்து அந்த வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். உன் முகம் அன்றைக்கு அவளுக்குத் தெரியாமல் போனது நிஜம். நீ சொன்னது ஒன்றுகூடப் போகவில்லை என்பதும் நிஜம். இந்த இரண்டாவதைத்தான் நீ பார்க்காமல் காருக்குப் போய்விட்டாய்.

காரில் ஏறியதும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நீ நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணாடியில் உன் கண் சிவந்திருந்தது தெரிந்தது. எனக்கு வீம்பு. அத்தனை பேர் முன்னால் பெற்ற அப்பனை அப்படிப் பேசிவிட்டானே, அவனாக வாயைத் திறக்கட்டும் என்று பின்சீட்டில் அம்மாவைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொன்னேரி வந்தது, ரயில்வே கேட்டில் நின்றோம், புதுவாயல் வந்தது, ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடாமல் போய்விட்டாய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கையை விட்டது ஒரு நிமிடத்துத் தப்பு. இந்த நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவைப் பார்க்க வந்து, அவள் உன்னை யாரோ என்று பார்ப்பாளோ என்ற பயத்தில் நீ ஒவ்வொரு வாரமாக வராமல் நின்றபோதெல்லாம் என்னிடம் மருந்து இருந்தது. கொடுக்காமல் வைத்திருந்தேன்.

இப்போது அம்மா பழவேற்காட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அதிகம் பேசுவதும் இல்லை. சில நாள் என்னைக் கம்பெனி கேட்டில் நிற்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு, வண்டி போய்விட்டதா என்று கேட்பாள். இன்னிக்கு லேட்டு, குந்து என்பேன், உட்கார்ந்துகொள்வாள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எல்லப்பனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ வரும்போது ஒன்று மட்டும் செய்யாதே. நான் யாரு, என்னைத் தெரியுதா என்று கேட்காதே. வருகிறவர்கள் எல்லாரும் அதையே கேட்கிறார்கள், அவள் பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி நடுங்குகிறாள். பக்கத்தில் உட்கார். வேர்க்கடலை வாங்கி வா, இரண்டு பேரும் உரித்துத் தின்னுங்கள். அவள் நைனா என்று கூப்பிட்டால் எந்த நைனா என்று பார்க்காதே, இன்னாம்மா என்று கேள். அவள் அப்பா நல்ல மனிதர், அவராகக் கொஞ்ச நேரம் இருப்பதில் உனக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

மஸ்கட்டுக்குப் போ. எங்களுக்காக நின்றுவிடாதே. உன் சித்தி பகலில் வந்து இருக்கிறாள், எனக்கும் உடம்பு இன்னும் ஓடுகிறது. வெயிலில் வேலை என்றால் தலையை மூடிக்கொள், தண்ணீர் குடி, உயரத்தில் ஏறினால் பெல்ட்டை மாட்டாமல் ஏறாதே, மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் ஏறாதே. லீவு கிடைத்தால் அந்த ஊரில் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை முதலில் போய்ப் பார். போவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு இங்கே வா. என்மேல் கோபம் மிச்சம் இருந்தால் அதோடு வா, அதை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது, பையன் வெளிநாட்டுக்குப் போகிறான் என்று சொன்னேன். அவளிடம் சொல்லிப் பழக வேண்டும் என்றுதான் சொன்னேன், பதில் எதிர்பார்க்கவில்லை. "யாரு பையன்?" என்று கேட்டாள்.

"நம்ம பையன்."

அவள் என் கையிலிருந்த சீப்பைப் பிடித்து நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பினாள். "நமக்குப் புள்ள கீறானா?"

கீறான் என்றேன். மகனே, அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பொன்னேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து ஆம்பளப் பிள்ளை என்று சொன்ன அன்றைக்கு எப்படிப் பூரித்தாளோ, அதே முகம். எத்தனையோ காலமாக ஏங்கி, இப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "இன்னா பேரு வெச்சோம்?"

உன் பேரைச் சொன்னேன். அதை இரண்டு மூன்று தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நல்ல பேரு" என்றாள்.

அப்பா